மாதர் அடிவயிற்று வலியும் நமது கடமையும்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் சகோதரி ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சபையிலே பேசத்தக்கதுதானா என்று உங்களில் சிலருக்கு ஐயம் தோன்றக்கூடும். கல்வியைப் பற்றியும், சிக்கனத்தைப் பற்றியும், கலியாணச் செலவைக் குறைப்பதைப் பற்றியும் இம்மேடையில் எத்தனையோ உபந்நியாசங்கள் நடந்திருக்கின்றன. அவையாவும் அவசியமே. ஆயினும், நம் வீட்டுப் பெண்மக்களில் பலர் மாதந்தோறும் அனுபவித்துவரும் ஒரு துன்பத்தைக் குறித்து நாம் இதுகாறும் வாய் திறந்ததில்லை. கடுமையான அடிவயிற்று வலியும், சினைப்பை நீர்க்கட்டி என்று ஜனங்கள் வழங்கும் வியாதியுமே நான் குறிப்பிடுவது. ஆடவர்களும் இச்சபையில் வீற்றிருக்கிறார்கள் என்பதற்காக நான் தயங்கவில்லை. அவர்களும் கேட்கவேண்டுமென்பதே என் விருப்பம். பெண்ணை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதா, வேண்டாமா என்று பல வீடுகளில் முடிவு செய்கிறவர்கள் அவர்களே அல்லவா?

நான் வைத்தியம் கற்றவளல்லள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினியாகப் பல வருஷம் வேலை பார்த்தவள். மாதத்தில் ஓரிரு நாள் மேஜைமீது தலையைக் கவிழ்த்துக் கிடக்கும் பெண்களை ஒவ்வொரு வகுப்பிலும் கண்டிருக்கிறேன். "வயிற்றுவலி டீச்சர்" என்பதற்குமேல் அவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். பரீட்சை நாளில் அவ்வலி வந்தால் அந்த வருஷத்துப் படிப்பே பாழாகிவிடும். இவர்களுக்காகப் பேச ஒருவரும் இல்லையே என்ற எண்ணமே, வைத்தியர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் நான் அறிந்தவற்றை இன்று உங்கள்முன் வைக்கும்படி என்னைத் தூண்டியது.

நம் நாட்டு வழக்கத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெண் பருவமடைந்துவிட்டால், உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்து அவளுக்கு ஊட்டுகிறோம். பந்தல் போட்டு, மாமன் சீர் வாங்கி, மஞ்சள் நீராட்டி, ஊருக்கெல்லாம் சாப்பாடு போடுகிறோம். அந்தப் பந்தலைப் பிரித்த மறுநாள் முதல், அவளுடைய தேகத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. பருவமடைந்ததை ஊரறியக் கொண்டாடும் நாம், அதன்பின் அவள் படும் வலியை அடுத்த அறைக்கும் தெரியாதபடி மறைக்கிறோம். இது நியாயமா?

பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணியின் இரு கரைகளிலும் நம்மவர்கள் வாழ்கிறார்கள். கார் சாகுபடியானாலும் பிசானமானாலும் வயலில் இறங்கி நடவு நடுகிற பெண்ணும், முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றுகிற பெண்ணும், பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் பஸ் ஏறிச் செல்லும் பெண்ணும், ஆபீஸில் கணக்கெழுதும் பெண்ணும் அந்த வலியோடுதான் தத்தம் வேலையைச் செய்கிறார்கள். "பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தான் வேண்டும்" என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாமே.

மாதவிடாய்க் காலத்தில் சிறிது வலி இருப்பது இயற்கைதான். கருப்பையின் உள்தோல் கழியும்போது பிராஸ்டகிளாண்டின் என்னும் ஒரு வஸ்து அங்கே உண்டாகிறது. அது கருப்பையின் தசையைச் சுருங்கச் செய்து உதிரத்தை வெளியேற்றுகிறது. அந்த வஸ்து மிகுதியானால் வலியும் மிகுதியாகும். இதை ஆராய்ந்த மூவருக்கு 1982-ஆம் வருஷத்தில் நோபெல் பரிசு கிடைத்தது. வலி நிவாரண மாத்திரைகளிற் பல, இவ்வஸ்து உண்டாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன. ஆகவே, வலி உச்சத்துக்கு ஏறியபின் விழுங்குவதைக் காட்டிலும், தொடங்கும்போதே ஆகாரத்தோடு உட்கொள்வது அதிகப் பலன் தரும். நம் பாட்டிமார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததும் வெறும் ஆறுதலுக்காக மட்டுமன்று; சூடு அத்தசையை இளகச் செய்கிறது.

ஆனால், மாத்திரை உட்கொண்டும் அடங்காத வலி, பள்ளிக்கூடத்தையோ வேலையையோ நிறுத்தும் வலி, வாந்தியும் மயக்கமும் வரும் வலி, மாதவிடாய் முடிந்த பின்னும் நீடிக்கும் வலி, மலஜலம் கழிக்கும்போது உண்டாகும் வலி, தாம்பத்தியத்தில் உண்டாகும் வலி ஆகிய இவை இயற்கையல்ல. இவை ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்டும் அடையாளங்கள். காரணத்தைத் தேடாமல் பொறுமையை உபதேசிப்பது பெரும் பிழை.

இனி நீர்க்கட்டி என்னும் வியாதியைப் பார்ப்போம். வைத்தியர்கள் இதைப் பி.ஸி.ஓ.எஸ். என்றும் பி.ஸி.ஓ.டி. என்றும் சொல்லுகிறார்கள். அமெரிக்காவிலுள்ள சிக்காகோ நகரத்து வைத்தியர்களான ஸ்டைன், லெவந்தால் என்னும் இருவர் 1935-ஆம் வருஷத்தில் ஏழு பெண்களிடம் கண்ட குறிகளைத் தொகுத்து எழுதினர். அதுமுதல் இந்நோய் உலகத்தாரால் நன்கு அறியப்பட்டது. மாதவிடாய் கிரமமாக வராமை, முகத்திலும் மார்பிலும் மயிர் வளர்தல், முகப்பரு, தேகம் பருத்தல், கருத்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதன் குறிகள். பிள்ளை பெறும் வயதுடைய பெண்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு இது உண்டென்றும், அவர்களில் பத்தில் ஏழு பேர் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதிருக்கிறார்களென்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருக்கிறது.

இது எவ்வாறு உண்டாகிறது என்பதை நம் ஊர் வழக்கத்தைக் கொண்டே விளக்கலாம். கன்னடியன் காலிலும் கோடகன் காலிலும் தண்ணீர் அளவாக வந்தால்தான் ஒவ்வொரு மடைக்கும் முறையாகப் பாயும். மேலே ஓரிடத்தில் அளவு தவறினால் கீழே உள்ள வயல்களிலெல்லாம் முறை கெடும். அவ்வாறே, மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் ஹார்மோன்களின் அளவு மாறினாலும், இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தாலும், சினைப்பை ஆண்தன்மைக்குரிய ஹார்மோனை அதிகமாகச் சுரக்கிறது. மாதம் ஒன்றாக முதிர்ந்து வெளிப்படவேண்டிய முட்டைகள் பாதியிலே தங்கிவிடுகின்றன. அவ்வாறு தங்கிய சிறு பைகளே ஸ்கான் படத்தில் முத்துக்கோத்தாற்போலத் தோன்றுகின்றன. அவை உண்மையில் கட்டிகளே அல்ல. நீர்க்கட்டி என்ற பெயரைக் கேட்டவுடன், "கட்டியை அறுத்து எடுக்கவேண்டுமோ?" என்று தாய்மார் கலங்குகிறார்கள். அப்படி அறுக்கவேண்டிய வஸ்து அங்கே ஒன்றுமில்லை.

ஸ்கான் படம் ஒன்றைமட்டும் பார்த்து இந்நோய் உண்டென்று தீர்மானிக்கலாகாது. 2003-ஆம் வருஷம் ராட்டர்டாம் நகரத்தில் கூடிய வைத்திய நிபுணர்கள் ஒரு விதி வகுத்தார்கள். முட்டை வெளிப்படுதலில் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கானில் காணும் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருத்தல் வேண்டும். வேறு நோய்களும் இல்லையென்று தெளிய வேண்டும். சிறுமிகளின் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். பருவமடைந்த ஆரம்ப வருஷங்களில் ஆரோக்கியமான பெண்களுக்கும் சினைப்பை அவ்வாறே தோன்றுவது சகஜம். ஆகையால், அவ்வயதில் நோயை நிர்ணயிக்க ஸ்கானை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்று 2023-ஆம் வருஷத்தில் வெளியான சர்வதேச வழிகாட்டி கூறுகிறது. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு படத்தை எடுத்துவிட்டு, "இவளுக்குப் பிள்ளை பிறக்காது" என்று முத்திரை குத்துவது எவ்வளவு கொடுமை!

சகோதரிகளே! இன்று நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இனி வருவதுதான். நீர்க்கட்டி நோய் தானாகவே கடுமையான அடிவயிற்று வலியைத் தருவது வழக்கமன்று. பல மாதம் தங்கி வரும் பெரும்போக்கு வலியோடு வரலாம், அவ்வளவே. மாதந்தோறும் பெண்ணைப் படுக்கையில் கிடத்தும் வலிக்குப் பெரும்பாலும் வேறொரு காரணம் கூட இருக்கும். ஆனால் நடப்பது யாது? வலியென்று போகிறாள், படம் எடுக்கிறார்கள், நீர்க்கட்டி என்று ஒரு பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரோடு வீட்டாரும் திருப்தியடைந்து விசாரணையை நிறுத்திவிடுகிறார்கள். "எடை குறைந்தால் சரியாகிவிடும்" என்பதோடு அவள் கதை முடிகிறது. வலியோ நின்றபாடில்லை.

அவ்வாறு மறைந்து நிற்கும் காரணங்களில் முதன்மையானது எண்டோமெட்ரியோஸிஸ் என்பது. கருப்பையின் உள்தோலை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பைமீதும், குடல்மீதும், மூத்திரப்பைமீதும் வளருகிறது. மாதந்தோறும் அங்கேயும் உதிரம் கசிகிறது. வடிகால் இல்லாத வயலில் தேங்கிய நீர்போல அது வெளியேற வழியின்றித் தங்கி, வீக்கத்தையும் ஒட்டுதலையும் வலியையும் உண்டாக்குகிறது. உலகத்தில் 19 கோடிப் பெண்களுக்கு, அதாவது பிள்ளை பெறும் வயதினரில் பத்தில் ஒருவருக்கு, இது உண்டென்று மதிப்பிடுகிறார்கள். நீர்க்கட்டியும் இதுவும் ஒரே பெண்ணுக்கு இருக்கவும் கூடும். சினிமா நடிகை சுருதி ஹாசன் தமக்கு இவ்விரண்டும் உண்டென்று 2022-ஆம் வருஷத்தில் தாமே பகிரங்கமாகத் தெரிவித்தார்.

இந்நோயைப் பொறுத்தமட்டில் படிப்பும் செல்வமும் மட்டும் பெண்ணைக் காப்பதில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். பத்மா லக்ஷ்மி என்பவர் 1970-ஆம் வருஷம் சென்னையில் பிறந்த தமிழ்ப் பெண். சிறு பிராயத்திலேயே அமெரிக்கா சென்றவர். சமையல் நூல்கள் எழுதியும் டெலிவிஷனில் தோன்றியும் பெரும் புகழ் பெற்றவர். அவர் தாயார் ஒரு நர்ஸ். பதின்மூன்றாம் வயது முதல் ஒவ்வொரு மாதமும் பல நாட்கள் வலியால் படுக்கையில் கிடந்தார். இது பெண் ஜன்மத்தின் பங்கு என்றே எண்ணியிருந்தார். முப்பத்தாறாவது வயதிலேதான் அதற்கு எண்டோமெட்ரியோஸிஸ் என்று பெயர் தெரிந்தது. இருபத்துமூன்று வருஷங்கள்! நியூயார்க் நகரத்தில், நர்ஸின் மகளுக்கே இந்தக் கதி. அவர் வாளாவிருக்கவில்லை. தமக்குச் சிகிச்சை செய்த வைத்தியரோடு கூடி, 2009-ஆம் வருஷத்தில் இந்நோய்க்கென ஒரு ஸ்தாபனத்தை நிறுவி, பள்ளிப் பெண்களுக்கும் இதைப் பற்றிப் போதிக்கச் செய்தார். மற்றப் பெண்களாவது தம்மைப்போல இத்தனை வருஷம் இழக்கலாகாது என்ற கருத்தே அதற்குக் காரணம்.

வேறு காரணங்களும் உண்டு. கருப்பைத் தசைக்குள்ளேயே அத்திசு பரவுவது ஒன்று, நார்க்கட்டி ஒன்று, கருப்பையிலும் குழாய்களிலும் கிருமி சேர்ந்து வீங்குவது ஒன்று, மூத்திரப்பை, குடல், இடுப்புத் தசை ஆகியவற்றின் கோளாறுகள் சில. நம் தேசத்தில் க்ஷயரோகக் கிருமி நுரையீரலை மட்டுமன்றிக் கருப்பைக் குழாய்களையும் தாக்குவதுண்டு. அது பிள்ளைப்பேற்றைத் தடுக்கும். தக்க காலத்தில் கண்டால் மருந்தினால் குணமாகும். அம்மருந்தைச் சர்க்காரே இலவசமாய்க் கொடுக்கிறார்கள். இத்தனை காரணங்கள் இருக்க, ஒரு பெயரைக் கேட்டவுடன் விசாரணையை நிறுத்தலாமா?

சில குறிகளைக் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஒரு பக்கத்தில் திடீரென்று தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மாதவிடாய் தள்ளிய பெண்ணுக்கு வலியும் மயக்கமும் வந்தால், கரு குழாயிலே தங்கி வெடித்திருக்கலாம். காய்ச்சலோடு வலியும் துர்நாற்றமும் இருந்தால் கிருமி பரவியிருக்கலாம். இவற்றுக்குக் கஷாயமும் கைவைத்தியமும் தேடிக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முற்காலத்தில், ஆடவ வைத்தியரிடம் தேகத்தைக் காட்டக் கூசியே எத்தனையோ ஸ்திரீகள் மாண்டார்கள். அதைக் கண்டு மனம் பொறாத மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது, 1875-ஆம் வருஷத்தில் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். பின்னர் அவருடைய முயற்சியால், வெளியே வராத ஸ்திரீகளுக்கென்றே 1885-ஆம் வருஷத்தில் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரி ஏற்பட்டது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார் 1912-ஆம் வருஷத்தில் அதே கல்லூரியில் பட்டம் பெற்று நம் தமிழ்ப் பெண்களுக்கு வழி திறந்தார். நம் ஜில்லாவிலே 1965-ஆம் வருஷத்தில் திருநெல்வேலி வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. ஜனங்கள் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று சொல்லுவது அதைச் சேர்ந்ததே. இன்று பெண் வைத்தியர்களைத் தேடி வெகு தூரம் அலையவேண்டியதில்லை. வைத்தியருக்குக் குறைவில்லாத இக்காலத்தில், தாய்க்கும் மகளுக்கும் இடையே நிற்கும் கூச்சமே பெரிய கோஷாவாக இருக்கிறது.

கலியாணமாகாத பெண்ணை ஸ்கானுக்கு அழைத்துப்போவதற்குச் சில தாய்மார் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் வேண்டுவதில்லை. வயிற்றின் மேற்புறத்தில் வைத்தே படம் எடுக்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எண்டோமெட்ரியோஸிஸ் எல்லாச் சமயத்திலும் படத்தில் தெரிவதில்லை. "ஸ்கானில் ஒன்றுமில்லை, ஆகையால் வலியும் பொய்" என்று சொல்வது தவறு. படம் பொய்க்கலாம், பெண்ணின் வேதனை பொய்யன்று.

வைத்தியரிடம் போகுமுன் ஒரு சிறு நோட்டுப் புஸ்தகம் வைத்துக்கொள்வது மிகவும் அனுகூலம். விலக்கு வந்த தேதி, நின்ற தேதி, வலி எந்நாளில் எவ்வளவு, எந்த மாத்திரை எத்தனை, அதனால் தணிந்ததா இல்லையா, பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாட்கள், மலஜலம் கழிக்கையில் வலி உண்டா, இவற்றை மூன்று மாதம் எழுதிவாருங்கள். வைத்தியர் முன் சென்றதும் கூச்சத்தால் வாயடைத்துப் போகிற பெண்ணுக்கு அப்புஸ்தகமே பேசும். "நீர்க்கட்டி என்கிறீர்கள்; இந்த வலிக்கும் அதுதான் காரணமா, வேறு உண்டா?" என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். திருப்தியான பதில் கிடையாவிட்டால் வேறொரு வைத்தியரையும் பார்ப்பது அவமதிப்பாகாது.

சிகிச்சை விஷயத்தில் நம்மவர்களுக்கு உள்ள சில மயக்கங்களையும் நீக்கவேண்டும். நீர்க்கட்டிக்கும் எண்டோமெட்ரியோஸிஸுக்கும் ஹார்மோன் மாத்திரை கொடுப்பதுண்டு. அவற்றில் சில கர்ப்பத்தடை மாத்திரை என்ற பெயருடையவை. அப்பெயரைக் கடையில் கேட்டதும் தாயார் பதறிப்போய் மாத்திரையைக் குப்பையில் எறிகிறாள். அது விலக்கை ஒழுங்குபடுத்தவும் கருப்பையின் உள்தோலைக் காக்கவும் கொடுக்கப்படுவது. நிறுத்திய பின் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பதில்லை. ஆனால் இரத்தக் கொதிப்பு, இரத்தம் உறைதல், கண்முன் மின்னலிட்டு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் அதை முன்னமே வைத்தியரிடம் சொல்லவேண்டும். இன்சுலினைச் சீர்ப்படுத்த மெட்பார்மின் கொடுப்பார்கள். கருத்தரிக்க லெட்ரோஸோல் என்னும் மருந்து கொடுப்பார்கள். எண்டோமெட்ரியோஸிஸுக்கு அவசியமானால், சிறு துவாரமிட்டு உள்ளே பார்த்துச் செய்யும் சஸ்திர சிகிச்சையும் உண்டு. கருப்பையையே எடுத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று அவசரப்படலாகாது. வெளியே வளர்ந்த திசு எஞ்சியிருந்தால் அப்போதும் வலி தொடரலாம்.

வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் பல வருஷம் இஷ்டம்போல் விழுங்குவதும் நன்றன்று. இவ்வலிக்கு நம் நாட்டில் பெரிதும் வழங்கும் மெபனாமிக் ஆஸிட் என்ற மருந்து, அபூர்வமாகச் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்து ஆணையம் 2023-ஆம் வருஷத்தில் எச்சரித்தது. மருந்தே கூடாதென்பது இதன் பொருளன்று. உடம்பில் தடிப்போ காய்ச்சலோ கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதே பொருள்.

அகஸ்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதிகையின் அடியில் வாழும் நாம் சித்த வைத்தியத்தை மறந்துவிட முடியாது. பாளையங்கோட்டையில் 1964-ஆம் வருஷம் முதல் சர்க்கார் சித்த வைத்தியக் கல்லூரி நடந்துவருகிறது. அம்முறையில் சிகிச்சை பெற விரும்புவோர் அங்கே கற்றுத் தேர்ந்தவர்களிடம் செல்லட்டும். எந்தெந்த மருந்தை உட்கொள்கிறோம் என்பதை இருதரத்து வைத்தியர்களுக்கும் தெரிவிக்கட்டும். பெயர் தெரியாத பொடியையும், "மூன்றே நாளில் நீர்க்கட்டி கரையும்" என்று கைப்பேசியில் வரும் விளம்பரத்தையும் நம்பிப் பணத்தையும் காலத்தையும் இழக்கவேண்டாம்.

ஆகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஆற்றங்கரை நெல் விளையும் பூமி. மூன்று வேளையும் அரிசியே நமக்கு ஆகாரம். அந்நாளில் நடவும் களையெடுப்பும், குத்துவதும் புடைப்பதும், ஆற்றில் தண்ணீர் எடுப்பதும் அவ்வரிசியைச் செரிக்கச் செய்தன. இந்நாளில் வேலை குறைந்தது, அரிசி குறையவில்லை, அல்வாவும் காப்பியும் கூடின. நீர்க்கட்டி உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் அதிகம். ஆகையால் சோற்றைச் சற்றுக் குறைத்து, பயறு, காய், கீரை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவதும், கம்பையும் கேப்பையையும் இடையிடையே சேர்ப்பதும், நாள்தோறும் அரைமணி நேரம் வேகமாக நடப்பதும் நன்மை பயக்கும். உடல் பருத்தவர்கள் எடையில் சிறிது குறைந்தாலும் விலக்கு ஒழுங்காக வருவதுண்டு. ஆனால் இதைச் சாக்காக வைத்துப் பெண்ணை, "தின்று கொழுத்தாய், அதனால்தான் வந்தது" என்று ஏசவேண்டாம். மெலிந்த பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. பருப்பதும் பல சமயம் நோயின் காரியமேயன்றிக் குற்றமன்று. மயிரையும் பருவையும் சுட்டிக்காட்டிக் கேலி செய்யும் வாய்கள் அவள் மனத்தைக் கொல்லுகின்றன. இந்நோயுள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் அதிகமென்று வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள். அதையும் வைத்தியரிடம் சொல்லலாம், சொல்லவேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராதிருந்தால், "தொல்லை விட்டது" என்று இருந்துவிடலாகாது. கழியவேண்டிய உள்தோல் கழியாமல் தடிப்பது பல வருஷம் தொடர்ந்தால், பின்னாளில் அங்கே புற்றுநோய் உண்டாகும் அபாயம் கூடுகிறது. இது தவிர்க்கக்கூடிய அபாயம். ஆகவே தவிர்க்கவேண்டிய அபாயம்.

இறுதியாக, நம் சமூகத்தோடு நேரே சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். "கலியாணமானால் சரியாகிவிடும், ஒரு பிள்ளை பெற்றால் வலி போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். கலியாணம் ஒரு சடங்கு, மருந்தன்று. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி தணிந்திருக்கலாம்; பின்னர் திரும்பவும் வருவதுண்டு. நோயைத் தீர்க்கும் பொருட்டுப் படிப்பை நிறுத்திப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால், வலியோடு புகுந்த வீட்டார் சொல்லும் அவளுக்குச் சேர்ந்துவிடும். இருபது வயதுப் பெண் புதிய வீட்டில், யாரிடமும் சொல்லமுடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதை மனத்தில் எண்ணிப் பாருங்கள்.

மற்றொன்று, சம்பந்தம் பேசும்போது இந்நோயை மறைப்பதும், தெரிந்தால் விலக்குவதும். மணக்கப்போகும் இருவரும் ஒருவரிடம் ஒருவர் உண்மையைச் சொல்லிக்கொள்வதே உத்தமம். ஆனால் உண்மையைச் சொன்னவளைத் தள்ளினால் மற்றவர்கள் எப்படிச் சொல்லுவார்கள்? மறைக்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்துகிறவர்கள் நாமே ஆகிறோம். நீர்க்கட்டியுள்ள பெண்களில் பெரும்பாலோர் தாமாகவோ சிகிச்சையினாலோ தாயாகிறார்கள். பத்மா லக்ஷ்மியும் 2010-ஆம் வருஷத்தில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயானார். அன்றியும், பிள்ளை பெறுவது ஒன்றே ஒரு பெண்ணின் மதிப்பன்று. பிள்ளை தாமதமானால் பெண்ணைமட்டும் வைத்தியரிடம் இழுத்துச் செல்லும் வழக்கமும் ஒழியவேண்டும். கணவனையும் பரீட்சிப்பது சாஸ்திர முறை.

விலக்கு நாட்களில் பெண்ணை மூலையில் ஒதுக்கிவைத்த பழக்கம் ஓய்வு கொடுக்கவே ஏற்பட்டது என்று சிலர் சொல்லுவார்கள். ஓய்வு கொடுப்பதற்கு ஒதுக்கவேண்டியதில்லை. வீட்டிலே நல்ல கட்டிலும், வெந்நீரும், ஒருவேளைச் சமையலைத் தாமே செய்யத் தெரிந்த கணவனும் மகனும் இருந்தால் போதும். ஆண்மக்களே! இதில் உங்களுக்குக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

நமது சங்கத்தாருக்கு நான்கு விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன். முதலாவது, வருஷந்தோறும் பரீட்சைக் காலத்துக்கு முன் ஒரு பெண் வைத்தியரை வரவழைத்துத் தாய்மாரையும் பெண்மக்களையும் ஒருங்கே அமர்த்திப் பேசச் செய்யவேண்டும். இரண்டாவது, சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெறும் பெண் இந்நோயால் பள்ளிக்கு வராத நாட்களைக் குறையாக எண்ணலாகாது. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்குப் போகத் துணையும் பஸ் கட்டணமும் இல்லாத ஏழைச் சகோதரிகளுக்கு, மாதர் பகுதியிலிருந்து இருவர் துணை செல்லவும் அச்செலவைச் சங்கம் ஏற்கவும் வேண்டும். நான்காவது, வரன் பார்க்கும் காரியத்தில் இந்நோயை ஒரு தடையாகப் பேசுவதில்லை என்று நாம் யாவரும் இன்று இங்கேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இவற்றில் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை; மனம் ஒன்றே தேவை.

தாய்மார்களே! இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மகளையோ மருமகளையோ தனியே அழைத்து, "உனக்கு விலக்கு நாட்களில் வலி எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள். அவள் சொல்லுவதை இடைமறியாமல் கேளுங்கள். கேட்டதை நம்புங்கள். நம்பியபின் அவளோடு கூடச் செல்லுங்கள். நீங்கள் உங்கள் காலத்தில் பொறுத்தீர்கள் என்பது உண்மை. அதற்காக உங்களை வணங்குகிறேன். ஆனால் நாம் பட்ட துன்பத்தை நம் மக்களுக்குச் சீதனமாகக் கொடுக்கவேண்டியதில்லை.